தன் சாவைத் தானே சொன்ன லெனாட்

மானிப்பாய் லெனாட்டின் குரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வரும். குறைத்துச் சொன்னால் அந்தக் குரலுக்கே அவமானம். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஏறி, சந்தியில் நின்று அவர் தொண்டையைச் செருமினால், சங்கானைச் சந்தையில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள். மாடுகள் அசை போடுவதை நிறுத்தும். கோப்பாயில் ஒரு கிழவர், லெனாட்டுக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அது மாறும்வரை சாகாமல் பொறுத்திருந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை பொய்யாக இருக்கலாம். கிழவர் பொறுமைசாலி என்பது உண்மை.

வலிகாமத்து ஊர்களில் ஒருவருடைய மூச்சு நின்றால் அது பாதிச் சாவு. லெனாட் சொன்னால்தான் முழுச் சாவு. கலியாண வீட்டுக்கு அழைப்பு வேண்டும், செத்த வீட்டுக்கு வேண்டாம். ஆனால் சேதி வேண்டும். அந்தச் சேதி லெனாட்டின் தொண்டை வழியாகத்தான் வரும் என்று நாற்பது வருடமாகச் சனம் பழகியிருந்தது.

அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. "காலமானார்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குவார். அழுகை வந்துவிடுமோ என்ற பயம். ஓர் அறிவித்தல் முடிந்ததும் அப்படியே இறங்கிவிடுவார். ஆனால் அடுத்த சாவின் விபரம் எழுதிய துண்டு கையில் தயாராக இருந்தால் மட்டும், கடைசிச் சொல்லுக்குப் பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். பழகிய காதுகளுக்கு அது தெரியும். "நில்லுங்கோ, இன்னொண்டு இருக்கு" என்று சனம் வாசல் படலையில் காத்திருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பழக்கம், உயிரோடு இருப்பவரின் பெயரை மரண அறிவித்தலில் வாய் தவறியும் சொல்லாதது. ஒலிபெருக்கியைச் சோதிக்க மற்றவர்கள் "ஹலோ, ஹலோ" என்பார்கள். லெனாட் ஒரு முழு அறிவித்தலையே சொல்லிச் சோதிப்பார். அதில் போடுகிற பெயர் தன்னுடையது.

"மற்றவன்ரை பேரைச் சொல்லி அவனுக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? என்ரை பேரெண்டால் என்ரை தலையோடை போச்சு" என்பார்.

அது அவர் தலையோடு போகவில்லை. அதுதான் கதை.

லெனாட்டின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஒப்பரேஷன் செய்தால் ஆள் மிஞ்சும், குரல் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட அன்றே இணுவிலிலிருந்து நிருஷன் ஓடி வந்தான். பந்தல், கதிரை, பெட்டி, அறிவித்தல் என்று செத்த வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கடையில் வைத்திருந்தவன். அறிவித்தல் சொல்ல லெனாட்டை ஓட்டோவில் ஏற்றி அனுப்பியதும் அவன்தான். இப்போது கொம்பியூட்டருக்குள் செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறது, குரலைக் கொடுத்தால் அது படித்து வைத்துக்கொள்ளும், அண்ணையின் குரல் அழியாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கள்ளத் தண்ணீர் இல்லை.

சுவரெல்லாம் மெத்தை கட்டிய ஓர் அறையில் லெனாட்டை இருத்தினார்கள். யந்திரத்துக்கு முழு அறிவித்தல்கள் வேண்டுமாம்: காலைச் சாவு, மாலைச் சாவு, திடீர்ச் சாவு, நெடுநாள் படுக்கை, கனடாவில் சாவு, கடலில் சாவு. ஏதாவது கற்பனைப் பெயரைப் போடுங்கோ என்று நிருஷன் கெஞ்சிப் பார்த்தான். உலகத்தில் ஒருவருக்கும் இல்லாத பெயர் என்று ஒன்று கிடையாது தம்பி என்று லெனாட் மறுத்துவிட்டார். ஆகவே அந்த மெத்தை அறைக்குள் லெனாட் தானே செத்தார். மெல்பேணில் செத்தார், கீரிமலையில் மூழ்கிச் செத்தார், சைவனாகச் செத்தார், சிலுவையோடு வேதக்காரனாகச் செத்தார். யமன் வந்திருந்தால் எந்தச் சாவுக்குக் கையெழுத்து வைப்பது என்று தெரியாமல் எருமையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான்.

பிறகு ஒப்பரேஷன். தொண்டையில் மிஞ்சியது, சிரட்டையைச் சீமெந்து நிலத்தில் இழுப்பது போன்ற ஒரு சத்தம். லெனாட்டுக்கு வெட்கமாகிவிட்டது. மனைவி மக்டலீனோடு மட்டும் அந்தச் சிரட்டையால் கதைத்தார். மற்ற எல்லோருக்கும் தலையாட்டல், கையசைவு. ஆளும் பாதியாக இளைத்துப் போனார்.

யந்திரமோ கொழுத்தது. வீட்டுக்காரர் போனில் விபரத்தைச் சொல்லி அனுப்பினால் போதும். அதுவே வசனம் அமைத்து, லெனாட்டின் குரலில் சொல்லி, மூன்று ஓட்டோக்களுக்கும் ஊரிலுள்ள போன்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடும். எந்தத் தெரு, எந்த ஒழுங்கையால் போவது, எந்தப் படலையில் நிற்பது என்பதையும் அதுவே சொல்லும். சாரதிகள் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு அது காட்டிய வழியில் போனார்கள். நாள் முழுக்கச் சாவு கேட்க யாரால் முடியும்?

முதலில் லெனாட்டுக்குப் பெருமை. பிறகு ஒருநாள் பேக்கரியில் பாண் வாங்க நின்றபோது, அவருடைய குரல் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. நடுவில் அவர் வாய் மூடி நின்றார். இரண்டு பக்கத்துக் குரலும் "காலமானார்" என்பதற்கு முன் எச்சில் விழுங்கின. அந்த விழுங்கலை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. யந்திரம் தானாக எடுத்துக்கொண்டிருந்தது. "இப்ப முந்தியை விட நல்லாச் சொல்லுறியள் அண்ணை" என்று பாண்காரர் பாராட்டினார். லெனாட் தலையாட்டிவிட்டு வந்தார்.

இந்த நிலையில்தான் மக்டலீனுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் நடந்தது. தேறும்வரை கோப்பாயில் தமக்கை லூர்த்தம்மாவின் வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். அதிர்ச்சி தரும் சேதி எதுவும் காதில் விழக்கூடாது, அந்த நெஞ்சு தாங்காது என்று டொக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். லெனாட் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் மீன் சொதி கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

அன்று காலையும் விளைமீனைச் செதில் போக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் அவருடைய குரல் வந்தது. பழகிப்போன விஷயம், செத்தது யார் என்று அறியக் காதைக் கொடுத்தார்.

"மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சந்தியாப்பிள்ளை லெனாட் அவர்கள் இன்று அதிகாலை" எச்சில் விழுங்கியது, "காலமானார். அன்னார் மக்டலீனின் பாசமிகு கணவராவார். அன்னாரின் பூதவுடல் இன்று பிற்பகல் இணுவில் இந்து மயானத்தில் தகனம் செய்யப்படும்."

லெனாட்டுக்கு முதலில் வந்தது சந்தேகம் அல்ல, துக்கம். அந்தக் குரலை நாற்பது வருடம் நம்பியவர்களில் அவரும் ஒருவர். "ஐயோ பாவம்" என்று மனதுக்குள் சொல்லி, கத்தியைக் கீழே வைத்து, சிலுவையும் போட்டுவிட்டார். அதன் பிறகுதான் செத்தது யார் என்று உறைத்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஓடியது. ஆனாலும் குரல் இரண்டாவது முறை சொன்னபோது, நாடி பொய் சொல்லுகிறதோ என்று ஒரு கணம் யோசித்தார்.

மூன்றாவது முறை "மக்டலீனின்" என்ற சொல் காதில் விழுந்ததும் எழும்பிவிட்டார். கோப்பாய் ஓட்டோ காலையில் நீர்வேலிப் பக்கம் சுற்றிவிட்டு மத்தியானம்தான் கோப்பாய்க்குள் நுழையும். அதற்கு முன் மக்டலீனிடம் போய்ச் சேர வேண்டும். அந்தக் குரல் படலைக்கு வருமுன் தான் வர வேண்டும்.

நிருஷனுக்குப் போன் எடுத்தார். லெனாட்டின் சாவை விசாரிப்பவர்களால் லெனாட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. லூர்த்தம்மாவுக்கு எடுத்தார். "அக்கா, நான் லெனாட்" என்றார்.

"ஆரடா நீ?" என்றாள் லூர்த்தம்மா, பக்கத்து அறைக்குக் கேளாமல் தாழ்ந்த குரலில். "மெசினாலை ஆக்களைப் போலை கதைச்சு ஏமாத்துறாங்களெண்டு நானும் கேள்விப்பட்டனான். அதுக்குச் செத்த வீடோ கிடைச்சது? லெனாட்டின்ரை குரல் எனக்குத் தெரியாதே? இப்பதானே போனிலை கேட்டனான்."

போனை நிற்பாட்டிவிட்டாள்.

சைக்கிளை எடுத்து வெளியே வந்தால், கோயிலில் துக்க மணி அடிக்கத் தொடங்கியது. தனக்கு அடிக்கும் மணிக்குள்ளால் சைக்கிள் ஓட்டுவது லேசான வேலை அல்ல. ஒவ்வோர் அடிக்கும் பெடல் ஒருமுறை கனத்தது. எதிர்வீட்டுக்காரி அவரைக் கண்டு, படலையைச் சத்தமில்லாமல் சாத்தி, கொளுக்கியையும் போட்டாள். அவள் முகத்தில் பயம்கூட இல்லை. செத்தவர் ஒருவர் தன் வழியில் போகிறார், நாம் தடுக்கக்கூடாது என்கிற மரியாதை.

தாவடியில் தேத்தண்ணிக் கடை வாசலில் நாலைந்து பேர் நின்று, லெனாட் எப்போது சைவத்துக்கு மாறினார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வேதக்காரனை இந்து மயானத்தில் எரிக்கிறார்கள் என்றால் அறிவித்தல் பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குரல் பிழைக்காது, ஆகவே லெனாட்டின் சீவியம்தான் பிழைத்திருக்க வேண்டும். நல்லூர்த் தேரன்று அவர் கண்ணை மூடி நின்றதைத் தன் கண்ணால் கண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். அவர்தானே முன்கூட்டியே தன் சாவைச் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட மனிசன் என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்தார்.

லெனாட் சைக்கிளை நிறுத்தினார். அந்தக் கடையில் அவர் முகம் அதிகம் பழக்கமில்லை. ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருப்பவரின் முகத்தை யார் பார்த்தார்கள்? "நான் சாகேல்லை. நான்தான் லெனாட்" என்று சிரட்டையால் இழுத்தார்.

எல்லோரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். "தம்பிக்காரனாக்கும்" என்றார் தேரன்று கண்டதாகச் சத்தியம் செய்தவர். "சாயல் இருக்கு. குரல்தான் வாய்க்கேல்லை." பிறகு வந்து லெனாட்டின் இரண்டு கையையும் பிடித்து, மனதைத் தளரவிட வேண்டாம், இனி நீங்கள்தான் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்று தேற்றினார். ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். தன் சாவுக்குத் தானே துக்கம் வாங்கி, கையை விடுவித்துக்கொண்டு லெனாட் ஓடினார்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தெருவில் நாய்கூட இல்லை. பின்னால் மானிப்பாய்ப் பக்கம் அவர் செத்துக்கொண்டிருந்தார். முன்னால் மருதனார்மடப் பக்கமும் அவர் செத்துக்கொண்டிருந்தார். காற்று திரும்பியபோது இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, வேலிக் கிளுவைக்குள்ளிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல் இருந்தது. "லெனாட் அவர்கள்... லெனாட் அவர்கள்..." கீழே பார்த்தார். உச்சி வெயிலில் நிழல் சைக்கிளுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. அது இருக்கிறதா என்று பார்க்கக் காலைத் தூக்கிப் பார்த்த கிறுக்குத்தனத்தை அவர் பிறகு மக்டலீனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

இணுவிலில் ஓர் ஒழுங்கைக்குள் பறை கேட்டது. குருத்தோலைத் தோரணம் கட்டிய வீடு. கதிரைகள் வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. பறையடிப்பவர்களுக்கே அலுத்துப் போய், தாளம் நித்திரை தூங்கியது. படலையில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவரைக் கண்டதும் இறங்கி வந்தாள். குணலட்சுமி. அவளுடைய தகப்பனின் சாவை ஒரு காலத்தில் லெனாட்தான் சொன்னார். அன்று முழுதும் அவர் உயிரோடு இருப்பதை ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவள்தான். காலை முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் பறைச் சத்தத்துக்குள் இருந்ததால் ஒரு செய்தியும் அவள் காதுக்கு எட்டவில்லை.

"லெனாட் அண்ணை, எங்கடை இவரைப் பற்றி ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். உள்ளே அவளுடைய புருஷன் ஏரம்பு நீட்டி நிமிர்ந்து கிடந்தார். "ஊரிலை இவர் போகாத செத்த வீடு இல்லை. இவருக்கு ஒரு சனமும் வரேல்லை."

லெனாட் கையை விரித்தார். அவள் தானே போனில் சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள். பெயரைச் சொல்லும்போது சரியாகப் பறையை அடித்துவிட்டார்களாம். திருப்பிச் சொல்லத் தெம்பு இல்லாமல் அப்படியே அனுப்பிவிட்டாளாம்.

லெனாட்டுக்கு மெத்தை அறை ஞாபகம் வந்தது. வெறுங்கதிரை ஒன்றில் இருந்துவிட்டார். பெயரில்லாத ஒரு சாவு வந்ததும், யந்திரம் திரும்பிக் கேட்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பிணத்தை எடுத்து அந்த இடத்தில் கிடத்திவிட்டது. நேரமும் மயானமும் ஏரம்புவினுடையவை. பெயரும் ஊரும் மனைவியும் லெனாட்டினுடையவை.

"நீங்களெண்டாலும் ஒருக்கால் சொல்லிப்போட்டுப் போங்கோ அண்ணை" என்றாள் குணலட்சுமி.

தூரத்தில், கோண்டாவிலுக்கு அப்பால், மூன்றாவது குரல் தொடங்கியது. கோப்பாய் ஓட்டோ நீர்வேலியை முடித்துவிட்டது. "வாறன் பிள்ளை, கட்டாயம் வாறன்" என்று சொல்லிவிட்டு லெனாட் நாக்கைக் கடித்தார். செத்த வீட்டில் நின்று வாறன் என்று யாரும் சொல்வதில்லை.

"சொல்லுங்கோ அண்ணை, பரவாயில்லை" என்றாள் அவள். "இண்டைக்கு வாறனெண்டு சொன்ன ஒராள் நீங்கள்தான்."

அதன் பிறகு லெனாட் ஓட்டிய ஓட்டத்தைச் சைக்கிளோட்டம் என்று சொல்லக்கூடாது. செயின் சிவந்து புகைத்தது. கோழிகள் அவர் போன பிறகுதான் விலகின. ஆனால் லூர்த்தம்மாவின் ஒழுங்கைக்குள் ஒரு முனையால் அவர் நுழைந்தபோது, மறுமுனையால் அவருடைய குரலும் நுழைந்தது. சாரதியின் காதில் பாட்டு. ஓட்டோ மெல்ல, வழி தெரிந்த மாடு போல வந்து, லூர்த்தம்மாவின் படலைக்கு நேரே நின்றது. செத்தவரின் மனைவி எங்கே இருக்கிறாள் என்பது யந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. அதற்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. உள்ளே தேவ கீர்த்தனையை உச்சத்தில் போட்டிருந்தார்கள். லெனாட் கதவைத் தட்டினார். திறந்த லூர்த்தம்மா, "இயேசுவே" என்று ஒரே ஒரு சொல் சொல்லி, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கீர்த்தனை அந்த நேரம் பார்த்து முடிந்தது. அந்த மௌனத்துக்குள் வெளியிலிருந்து குரல் வந்தது. வீடெல்லாம் நிறைந்தது.

"...அன்னார் மக்டலீனின் பாசமிகு கணவராவார்."

மக்டலீன் கட்டிலில் சாய்ந்து இருந்தாள். கை நெஞ்சுத் தையலின் மேல் இருந்தது. லெனாட் வாசலில் நின்றார், வாயைத் திறந்தார், சிரட்டைகூட வரவில்லை. அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சொதி கொண்டு வரேல்லையோ?" என்றாள்.

லெனாட்டின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"காலமை துவக்கம் அக்கா மூக்கைச் சீறுறா, பாட்டைக் கூட்டுறா, ஜன்னலைச் சாத்துறா. எனக்கென்ன காது கேளாதே?" என்றாள் மக்டலீன். "உந்தக் குரல் செத்தது உங்கடை ஒப்பரேஷனண்டைக்கு. நான் ஆஸ்பத்திரி வாங்கிலிலை இருந்து அண்டைக்கே அழுது முடிச்சிட்டன். இப்ப உது ரோட்டிலை திரிஞ்சு என்னத்தைச் சொன்னால் எனக்கென்ன? என்னோடை கதைக்கிற ஆள் நீங்கள். கதையுங்கோ பாப்பம்."

"மீன் பாதியிலை கிடக்கு" என்றது சிரட்டை.

"பூனை திண்டிருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நிருஷனின் லைன் கிடைத்தது. உடனே நிற்பாட்டுகிறேன், மறுப்பும் அனுப்புகிறேன் என்றான். ஆனால் தான் போய்ச் சொன்னால் சனம் நம்பாது, அண்ணை போய்ச் சொன்னால் அறவே நம்பாது, ஆகவே அதே குரல்தான் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை என்றான். லெனாட் போனை வைத்தார். படலையில் நின்ற ஓட்டோவில் ஏறி, யந்திரத்தின் வயரைப் பிடுங்கி, பழைய ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு இணுவிலுக்கு விடச் சொன்னார். சாரதி காதில் இருந்ததைக் கழற்றி, பின்னால் இருந்தவரைப் பார்த்தான். அதன் பிறகு இணுவில்வரை அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

சிரட்டைக் குரலில் ஏரம்புவின் பெயர் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. நல்ல குரல் இல்லாத செய்தியைச் சனம் பாதிதான் நம்பியது. பாதி நம்பியவர்களில் பாதிப் பேர் வந்தார்கள். ஆனாலும் கதிரைகள் நிறைந்தன. எப்படியென்று கேட்டால், லெனாட்டை எரிக்கிறார்கள் என்று மயானத்துக்கு வந்து நின்ற பெருங்கூட்டம், ஆள் மாறிவிட்டதை அறிந்தும், வந்த காலோடு ஏரம்புவின் வீட்டுக்கு நடந்து, அவரைப் பார்த்துவிட்டுப் போனது. குணலட்சுமி லெனாட்டைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். இந்த முறை அவர் வாறன் என்று சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரம் கோப்பாய்க்குத் திரும்பி, மக்டலீனின் கட்டிலோரம் வந்து இருந்தார். லூர்த்தம்மா இன்னும் அவருக்குக் கிட்ட வராமல், தேத்தண்ணியை நிலத்தில் வைத்துத் தள்ளிவிட்டாள். அப்போது தெருவில் இன்னோர் ஓட்டோவில் மறுப்பு வந்தது. யந்திரம் படித்தது எல்லாம் சாவு. உயிரோடு இருப்பதைச் சொல்ல அதனிடம் வேறு வசனம் இல்லை.

"மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சந்தியாப்பிள்ளை லெனாட் அவர்கள்" எச்சில் விழுங்கியது, "உயிருடன் இருக்கிறார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகின்றோம். அன்னாரின் இறுதிக் கிரியைகள் பற்றிய விபரம் பின்னர் அறிவிக்கப்படும்."

மக்டலீன் தையலைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்க வேண்டாம், நெஞ்சு நோகும் என்று லெனாட் சொல்லிக்கொண்டே தானும் சிரித்தார். நிலத்தில் இருந்த லூர்த்தம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குரல் முடிந்தது. ஆனால் ஒலிபெருக்கி அணையவில்லை. அதிலிருந்து ஒரு சின்ன மௌனம் வந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மௌனம்.

சிரித்துக்கொண்டிருந்தவர்களில் லெனாட் மட்டும் நிறுத்தினார். அந்த இடத்தில் அவர் மூச்சைப் பிடிப்பது, அடுத்த சாவின் துண்டு கையில் தயாராக இருக்கும்போது மட்டும்தான்.